மின்வெட்டும் அப்டேட்டும்: பாதியில் நின்ற பொதிகளை என்ன செய்வது?

16 மே 2023, இரவு

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்:

"அண்ணா, வீட்டு டெஸ்க்டாப்பில் உபுண்டு 22.04 லினக்ஸ். அப்டேட் ஓடும்போதே லோட் ஷெடிங் (அட்டவணை போட்ட மின்வெட்டு) வந்துவிட்டது. கரண்ட் வந்ததும் போட்டால் டிபிகேஜி தடைபட்டுவிட்டது, நீங்களே கையால் ஓட்டுங்கள் என்று வருகிறது. புதிதாக எதையும் நிறுவ முடியவில்லை. ஆறாம் கட்ட மின்வெட்டில் (எண் கூடக்கூட வெட்டும் கூடும்) இது சரிப்படாது, அப்டேட்டையே மொத்தமாக நிறுத்திவிடப் போகிறேன். சரிதானே?"

சரியில்லை தம்பி. ஏன் என்று அப்புறம் பேசுவோம், முதலில் மெஷினை எழுப்புவோம். பொதி என்றால் ஒரு மென்பொருளின் கோப்புகள் அடங்கிய மூட்டை (பேக்கேஜ்). டிபிகேஜி அதை நிறுவும் நிரல், ஏபிடி அதை இணையத்திலிருந்து இறக்கிக் கொடுக்கும் நிரல். போனில்தான் இதைப் படிப்பீர்கள், அதனால் கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன்.

டெர்மினலைத் திறங்கள். சூடோ, இடைவெளி, டிபிகேஜி, இடைவெளி, இரட்டைக் கோடு போட்டு அதை ஒட்டினாற்போல் கன்ஃபிகர், இடைவெளி, ஒற்றைக் கோடு போட்டு ஏ. என்டர். பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்படாமல் தட்டுங்கள். அது ஓடி முடிந்தபின் அடுத்தது: சூடோ ஏபிடி, இடைவெளி, இரட்டைக் கோடு, ஃபிக்ஸ், ஒரு கோடு, புரோக்கன், இடைவெளி, இன்ஸ்டால். அப்புறம் வழக்கமான அப்டேட்டும் அப்கிரேடும்.

இதே வரிசையில் செய்யுங்கள். முதல் கட்டளை ஏற்கெனவே பிரித்துவைத்த பொதிகளை முடித்துக்கொடுக்கும். இரண்டாவது, சார்ந்திருக்கும் பொதிகளில் எது குறைகிறது என்று பார்த்து இழுத்து வரும்.

இன்னொன்று. இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பொதிகளைத் தொடாமல் தடுக்கும் பூட்டுக் கோப்பை (லாக்) அழிக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். வேண்டாம். பூட்டைப் பிடித்திருப்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்தான். கரண்ட் போனதும் நிரல் போய்விடும், பூட்டும் கூடவே போய்விடும். கோப்பு மட்டும் அங்கே எப்போதும் கிடக்கும், அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போதும் பூட்டியிருக்கிறது என்று வந்தால் உள்ளே வேறு ஏதோ உண்மையிலேயே வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் கோப்பை அழித்தால் இரண்டு நிரல்கள் ஒரே பட்டியலில் எழுத ஆரம்பிக்கும்.

17 மே 2023, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை, ஏன் இப்படி ஆகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு பொதியை நிறுவுவது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் கோப்புகளைப் பிரித்து அதனதன் இடத்தில் வைக்கிறது. பிறகு அந்தப் பொதிக்கென்று உள்ள சிறு நிரலை ஓட்டி அமைக்கிறது. வீடு மாறும்போது சாமானை இறக்குவது ஒரு வேலை, அடுக்குவது இன்னொரு வேலை, அதே மாதிரி. எந்தப் பொதி எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஸ்டேட்டஸ் என்ற ஒரே உரைக்கோப்பில் டிபிகேஜி எழுதிக்கொண்டே வருகிறது: பாதி நிறுவியது, பிரித்தது, பாதி அமைத்தது, முழுதாக நிறுவியது. கரண்ட் எந்த நொடியில் போனாலும் விட்ட இடம் அதற்குத் தெரியும். உங்கள் திரையில் வந்த செய்தியின் பொருளும் அதுதான். அதைப் படித்துவிட்டு எல்லாம் போச்சு என்று விண்டோஸை மறுபடி போட்டவர்களை இங்கே டர்பனில் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருந்தது, ஒரு வரிக் கட்டளையில் தீர்ந்திருக்க வேண்டியது.

பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கடைசிப் பக்கம் மேன் டிபிக்கான ட்ரிகர் ஓடுகிறது என்று ஒரு வரி வந்து அப்படியே நிற்கும். டிஸ்க் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து பவர் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். கையேட்டுப் பக்கங்களின் அட்டவணையைத்தான் அது புதுப்பிக்கிறது. காத்திருங்கள்.

18 மே 2023

தம்பி திரும்ப வந்தார். கட்டளை ஓடவே மறுக்கிறதாம். ஒரு எழுத்துரு நூலகப் பொதியின் பெயரைச் சொல்லி, அதன் கோப்புப் பட்டியலில் கடைசி வரி முடியவில்லை என்கிறதாம்.

இது மின்வெட்டு விட்டுப்போகும் அசல் தடயம். வார், லிப், டிபிகேஜி, இன்ஃபோ என்ற அடைவுக்குள் (ஃபோல்டர்) ஒவ்வொரு பொதிக்கும் ஒரு லிஸ்ட் கோப்பு உண்டு. அந்தப் பொதி எந்தெந்தக் கோப்புகளை எங்கெங்கே வைத்தது என்பது அதில் வரிவரியாக இருக்கும். தம்பியை அதை லெஸ் என்ற கட்டளையால் திறந்து பார்க்கச் சொன்னேன். படம் அனுப்பினார். பாதைகள் இருக்க வேண்டிய இடத்தில் கூரைக் குறியும் அட் குறியும் மாறி மாறித் திரை முழுக்க. எல்லாம் பூஜ்ய பைட்டுகள். கோப்பின் நீளம் டிஸ்க்கில் பதிந்துவிட்டது, உள்ளடக்கம் போய்ச் சேருவதற்குள் கரண்ட் போய்விட்டது.

வைத்தியம்: அந்த ஒரு லிஸ்ட் கோப்பை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள், அழிக்க வேண்டாம். பிறகு அதே பொதியை ரீஇன்ஸ்டால் என்று சொல்லி மறுபடி நிறுவுங்கள். பட்டியல் இல்லை என்று ஒரு எச்சரிக்கை வரும், பொருட்படுத்தாதீர்கள். பட்டியல் புதிதாக எழுதப்படும்.

ஸ்டேட்டஸ் கோப்பே இப்படி ஆகிவிட்டால்? அதற்கும் வழி உண்டு. பக்கத்திலேயே ஓல்டு என்ற வாலோடு முந்தைய பிரதி இருக்கும். வார், பேக்கப்ஸ் அடைவில் நாள்வாரிப் பிரதிகளும் சேர்ந்திருக்கும். ஆரோக்கியமாக இருக்கும் கடைசிப் பிரதியை எடுத்து வைத்தால் போதும். உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியனை உருவாக்குபவர்கள் இதையெல்லாம் எவ்வளவு கவனமாக யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் மரியாதை கூடுகிறது.

18 மே 2023, மாலை

தம்பியின் மெஷின் எழுந்துவிட்டது. மகிழ்ச்சி.

21 மே 2023, ஞாயிறு

இப்போது அந்த முடிவுக்கு வருவோம், அப்டேட்டை நிறுத்துவது. எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு. மின்வெட்டு அட்டவணையில் வாழும் நாட்டில், டவுன்லோட் செய்வதையும் நிறுவுவதையும் தனித்தனி வேலையாகப் பிரித்துவிட வேண்டும். நிறுத்த வேண்டியது, அவை இரண்டும் நம்மைக் கேட்காமல் சேர்ந்து நடப்பதை மட்டும்தான்.

டவுன்லோட் பாதியில் அறுந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. வந்தவரை பார்ஷியல் என்ற அடைவில் இருக்கும், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும். முழுதாக வந்தபின்னும், கோப்பு பிழையில்லாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்த்துத்தான் எடுத்துக்கொள்ளும். நிறுவுவதுதான் அறுந்தால் வலிக்கும். ஆனால் பொதிகள் எல்லாம் ஏற்கெனவே டிஸ்க்கில் இருந்தால் அந்த வேலை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். போனில் எஸ்கம்சேபுஷ் செயலியைத் திறந்து அடுத்த வெட்டு எப்போது என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தால் ஆயிற்று.

செய்முறை: ஈடிசி, ஏபிடி அடைவுக்குள் ஏபிடி டாட் கான்ஃப் டாட் டி என்று ஒரு அடைவு. அதில் 20 என்ற எண்ணோடு தொடங்கும் ஆட்டோ அப்கிரேட்ஸ் கோப்பு. பட்டியலைப் புதுப்பிக்கும் வரி 1 என்றே இருக்கட்டும். தானாக நிறுவச் சொல்லும் அன்அட்டெண்டட் அப்கிரேட் வரியை 0 ஆக்குங்கள். டவுன்லோட் அப்கிரேடபிள் பேக்கேஜஸ் என்ற வரி இல்லையென்றால் சேர்த்து 1 போடுங்கள். இனி மெஷின் தானாக இறக்கிவைக்கும், நீங்கள் சொல்லும்போது மட்டும் நிறுவும்.

வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் உட்கார வேண்டும். அதைச் செய்ய மாட்டேன் என்பவர்கள் தானியங்கியை விட்டுவைப்பதே மேல்.

22 மே 2023

"கரண்ட் வந்த உடனே மெஷினைப் போட்டால் ஏபிடி பூட்டியிருக்கிறது என்கிறதே, யார் பூட்டினார்கள்?" என்று ஒரு அக்கா கேட்கிறார், டோங்காட்டிலிருந்து.

யாரும் இல்லை அக்கா, சிஸ்டம்டியின் டைமர். பின்னணி வேலைகளை நேரம் பார்த்து ஓட்டுவது அதுதான். உபுண்டுவில் தானியங்கி நிறுவல் காலை 6 மணிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் ஓடும்படி வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தால், அடுத்து எப்போது உயிர்வருகிறதோ அப்போது விட்டதைப் பிடிக்கும். நல்ல எண்ணத்தில்தான் அப்படி. ஆனால் நம் ஊரில் கரண்ட் திரும்பும் அந்த முதல் சில நிமிடங்கள்தான் மிக மோசமானவை. தெரு முழுக்க கீசரும் ஃப்ரிட்ஜும் ஒரே நேரத்தில் இழுக்க, மறுபடி ட்ரிப் ஆகும். வெட்டு முடிந்தது என்று நம்பி மெஷினைப் போட்டவுடன், அது தானாக நிறுவ ஆரம்பிக்கிறது, இரண்டாவது முறை கரண்ட் போகிறது. தம்பியின் லிஸ்ட் கோப்பு பாழானதும் இப்படித்தான். விசாரித்தேன், இரண்டாவது வெட்டு இருந்திருக்கிறது.

ஆகவே கரண்ட் வந்தபின் கால் மணி நேரம் பொறுத்து கம்ப்யூட்டரைப் போடுங்கள். சுவிட்சை அணைத்துவைப்பது பவர் சப்ளைக்கும் நல்லது.

பேட்டரியில் இருக்கும்போது நிறுவாதே என்று ஒரு காவல் இதில் ஏற்கெனவே உண்டு. லேப்டாப்புக்கு அது சரி. டெஸ்க்டாப்புக்குப் பயனில்லை, யூஎஸ்பி வயரில் பேசாத சாதாரண யூபிஎஸ் வைத்திருந்தால், சுவரில் கரண்ட் போனதே மெஷினுக்குத் தெரியாது.

3 ஜூன் 2023

சாட்ஸ்வர்த்தில் கோயில் மண்டபத்தில் நடக்கும் வார இறுதித் தமிழ் வகுப்பைப் பற்றி முன்பு வேறு இடத்தில் எழுதியிருக்கிறேன். யாரோ கொடுத்த பழைய டெஸ்க்டாப்புகள், எல்லாவற்றிலும் உபுண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாக இறக்கினால் டேட்டாவுக்குக் கட்டுப்படியாகாது. வகுப்புக்கு ஃபைபர் கிடையாது, சிம் போட்ட ரவுட்டர்தான்.

அதற்குக் கண்ட வழி, ஏபிடி கேச்சர் என்ஜி. ஒரு மெஷினில் அதை நிறுவினோம். அது 3142 என்ற போர்ட்டில் காத்திருக்கும். மற்ற மெஷின்களின் ஏபிடிக்கு அதைப் பிராக்ஸியாக (இடைத்தரகராக) சொல்லிவைத்தால், ஒரு பொதி முதல் முறை மட்டும் வெளியிலிருந்து வரும், மற்றவர்களுக்கு அறைக்குள்ளேயே கிடைக்கும். அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் யூபிஎஸ். இரவு 12 முதல் காலை 5 வரைக்கான மலிவு டேட்டா இங்கே பழக்கமான விஷயம், அந்த நேரத்தில் டவுன்லோட் மட்டும் நடக்கும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் எழுதினோம்.

கவனிக்க ஒன்று. மறையாக்கம் செய்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்கும் களஞ்சியங்களை (பொதிகள் வைத்திருக்கும் சர்வர்கள்) இது சேமித்துவைக்காது, உள்ளே என்ன போகிறது என்றே அதற்குத் தெரியாது. உபுண்டுவின் சொந்தக் களஞ்சியங்கள் சாதாரண எச்டிடிபியில் கிடைப்பதால் பிரச்சினையில்லை. பொதிப் பட்டியலுக்குக் கையெழுத்து இருப்பதால் வழியில் யாரும் மாற்றியிருந்தால் ஏபிடி கண்டுபிடித்துவிடும்.

பிள்ளைகள் தமிழ்99 விசைப்பலகையில் பழகுகிறார்கள். அன்று கரண்ட் போனபோது லிப்ரே ஆபிஸில் ஒரு பெண் தன் ஆயாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். திரும்பப் போட்டதும் ஆவண மீட்பு வந்து முக்கால்வாசிப் பத்தி கிடைத்தது. அவள் முகத்தைப் பார்த்தபின், தானாகச் சேமிக்கும் இடைவெளியை எல்லா மெஷினிலும் இரண்டு நிமிடமாகக் குறைத்துவிட்டேன்.

4 ஜூன் 2023

"ஸ்னாப், ஃபிளாட்பேக் என்று போனால் இந்தக் கவலையே இல்லையே" என்கிறார் ஜோகன்னஸ்பர்க் நண்பர். இரண்டும் மென்பொருளை நிறுவ வேறு வகைப் பொதிகள்.

கரண்ட் விஷயத்தில் அவர் சொல்வது உண்மை. ஸ்னாப் என்பது ஒரே படக்கோப்பு. புதியது முழுதாக வந்து சேர்ந்தபின்தான் பழையதிலிருந்து மாறும், பழையதையும் வைத்திருக்கும், ரிவர்ட் என்று சொன்னால் திரும்பிப் போகலாம். ஃபிளாட்பேக்கும் அப்படியே, முழுதாக வந்தால்தான் மாறும். பாதி நிறுவியது என்ற நிலையே கிடையாது.

டேட்டா விஷயத்தில் எனக்குத் தயக்கம். ஸ்னாப் ஒரு நாளில் நான்கு முறை தானாகப் பார்க்கும். மீட்டர் ஓடும் இணைப்பில் இறக்காதே என்று சொல்லிவைக்க வசதி உண்டு: சிஸ்டம் அமைப்பில் ரெஃப்ரெஷ் டாட் மீட்டர்டு என்பதை ஹோல்டு ஆக்க வேண்டும். இணைப்பு மீட்டர் உள்ளது என்று நெட்வொர்க் அமைப்பிலும் குறிக்க வேண்டும். ஸ்னாப்களைக் கவனிக்கும் ஸ்னாப்டி நிரலின் 2.58 பதிப்பு முதல், ரெஃப்ரெஷ் கட்டளையோடு இரட்டைக் கோடு ஹோல்டு போட்டு காலவரையின்றி நிறுத்திவைக்கவும் முடியும். உபுண்டு 22.04இல் ஃபயர்ஃபாக்ஸே ஸ்னாப்தான், ஆகவே நிறுத்தியவர்கள் வாரம் ஒருமுறை கையால் புதுப்பிக்க மறக்காதீர்கள். பிரவுசரைப் பழசாக விடுவது எல்லாவற்றிலும் ஆபத்து.

4 ஜூன் 2023, பிற்பகல்

ஆப்இமேஜ் பற்றியும் கேட்கிறார்கள். பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்க அதைவிட எளிது வேறில்லை. ஒரே கோப்பு, இயக்க அனுமதி கொடுத்தால் ஓடும். 22.04இல் ஓடவில்லையென்றால் பெரும்பாலும் லிப்ஃபியூஸ் 2 என்ற பொதி இல்லாததுதான் காரணம், அதை நிறுவுங்கள். ஃபியூஸ் என்ற பெயரில் இருக்கும் பொதியை நிறுவாதீர்கள், அது ஃபியூஸ் 3ஐத் தூக்கிவிட்டு டெஸ்க்டாப்பின் சில பகுதிகளையும் கூடவே கொண்டுபோய்விடும்.

தமிழ் தட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆப்இமேஜ் பல நேரம், சன்னல்களையும் பொத்தான்களையும் வரையும் க்யூடி நூலகத்தைத் தானே சுமந்து வரும். உங்கள் கணினியில் ஃபிசிட்எக்ஸ் என்ற தட்டச்சு நிரல் வழியாகத் தட்டுகிறீர்கள் என்றால், அதற்கான செருகி அந்த மூட்டைக்குள் இல்லாவிட்டால் ஆங்கிலம் மட்டுமே விழும். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். அந்த மென்பொருளைக் களஞ்சியத்திலிருந்து நிறுவிப் பாருங்கள், தமிழ் வரும்.

11 ஜூன் 2023

மே 16 குறிப்போடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எந்த மீட்புக் கட்டளைக்கும் முன்னால் டிஎஃப் கட்டளை போட்டு டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பூட் அடைவுக்கு (மெஷின் எழத் தேவையான கோப்புகள் இருக்கும் இடம்) தனிப் பகிர்வு வைத்த மெஷின்களில் பழைய கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) குவிந்து நிரம்பியிருக்கும். அப்போது எத்தனை முறை கன்ஃபிகர் ஓட்டினாலும் மெஷின் எழும்போது முதலில் ஏறும் இனிட்ராம் படத்தை எழுத முடியாமல் அதே இடத்தில் நிற்கும்.

கெர்னல் மாறும்போதே கரண்ட் போய், மெஷின் எழாமலே போனால்: எதில் எழுவது என்று கேட்கும் க்ரப் பட்டியலை வரவழையுங்கள், மேம்பட்ட தேர்வுகளில் பழைய கெர்னல் இருக்கும், அதில் நுழைந்து மீட்புக் கட்டளைகளை ஓட்டுங்கள். குறைந்தது ஒரு பழைய கெர்னலையாவது எப்போதும் விட்டுவையுங்கள்.

12 ஜூன் 2023

டேட்டா பேச்சில் ஒருவர் பிரீடம் டோஸ்டரை நினைவுபடுத்தினார். இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. 2000களின் நடுவில் இந்த நாட்டில் ஷட்டில்வொர்த் அறக்கட்டளை ஆரம்பித்துவைத்தது. ஒரு பெட்டி நின்றுகொண்டிருக்கும். வெற்று சிடியைக் கொண்டுபோய்ச் செருகினால் லினக்ஸை எழுதித் தரும், இலவசமாக. இணையம் மெதுவாகவும் விலையாகவும் இருந்த காலத்துக்கு அது பெரிய உதவி. உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் ஃப்ரீ ஸ்டேட்டில் வெல்கம் ஊரில் பிறந்தவர். முதல் பதிப்பு 4.10, 2004 அக்டோபரில் வந்தது. 2005 முதல் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் சிடியும் அனுப்பினார்கள்.

அந்த வழியை இன்றும் பின்பற்றலாம். ஏபிடி ஆஃப்லைன் என்று ஒரு கருவி இருக்கிறது. இணையமில்லாத மெஷினில் என்னென்ன வேண்டும் என்று ஒரு கோப்பாக எழுதி வாங்கி, நல்ல இணைப்புள்ள இடத்தில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றலாம்.

19 ஏப்ரல் 2024

மார்ச் 26க்குப் பிறகு லோட் ஷெடிங் இல்லை. "இனி தானியங்கியை ஆன் பண்ணிவிடலாமா அண்ணா?" என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி கேட்கிறார்.

லேப்டாப்புக்குச் சரி. டெஸ்க்டாப்புக்கு நான் மாற்றவில்லை. அட்டவணை போட்ட வெட்டு நின்றாலும் கேபிள் திருட்டும் சப் ஸ்டேஷன் பழுதும் அட்டவணை போட்டு வருவதில்லை. தானியங்கி வேண்டும் என்றால், அதன் அமைப்புக் கோப்பில் மினிமல் ஸ்டெப்ஸ் என்ற வரி ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் செய்யாமல் சிறு சிறு தொகுதியாக நிறுவும், அணைக்கச் சொன்னால் நடுவில் பத்திரமாக நிற்கும்.

2 பிப்ரவரி 2025

ஜனவரி 31 அன்று மூன்றாம் கட்டம் திரும்ப வந்துவிட்டது. வகுப்பு மெஷின்கள் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

16 அக்டோபர் 2025

14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் 11க்குப் போக முடியாத நல்ல மெஷின்கள் நிறைய வகுப்புக்கு வருகின்றன. டோங்காட் அக்காவும் தன் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போடப்போவதாகச் சொல்கிறார், அதில் ஸ்னாப் வராது, அப்டேட் மேனேஜரும் கேட்டுத்தான் நிறுவும். அவருக்குப் பொருத்தமான தேர்வு.

விண்டோஸிலேயே இருப்பவர்களுக்கு: நடுவில் கரண்ட் போனால் அடுத்த முறை மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறேன் என்று வரும். நீண்ட நேரம் ஆனாலும் விடுங்கள், அணைக்காதீர்கள். எழுந்தபின் நிர்வாகி உரிமையோடு டிஸ்ம் கட்டளையின் ரெஸ்டோர் ஹெல்த், அதன் பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன் நவ். முதலாவது, பழுது பார்க்கத் தேவையான மூலக் கோப்புகளின் கிடங்கைச் சீராக்கும், இரண்டாவது அந்தக் கிடங்கிலிருந்து எடுத்துச் சரிசெய்யும். 1618 என்ற பிழை வந்தால் வேறொரு நிறுவல் பின்னணியில் ஓடுகிறது, அது முடியட்டும்.

17 அக்டோபர் 2025

அக்கா கேட்கிறார்: நேற்று என்னென்ன நிறுவப்பட்டது என்று எங்கே பார்ப்பது? வார், லாக், ஏபிடி அடைவில் ஹிஸ்டரி டாட் லாக் (இந்த லாக் பூட்டு அல்ல, பதிவேடு). தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் தனித்தனி வரியில் இருக்கும். தொடங்கிய வரி இருந்து முடிந்த வரி இல்லையென்றால் கரண்ட் போனது அந்த இடத்தில்தான். பொதி பொதியாக, நொடி நொடியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு படி மேலே டிபிகேஜி டாட் லாக் இருக்கிறது. கடைசி இருபது வரியைப் படம் எடுத்து அனுப்புங்கள் அக்கா, பார்த்துச் சொல்கிறேன்.